வாங்கிய லிஸ்டை எந்தத் தளத்தில் ஏற்றுவது?

கேள்வி: வணக்கம் சார். கரூரில் அப்பா பதினாறு வருடமாகக் கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் ரன்னர் ஏற்றுமதி செய்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் ஆட்டம் கண்டுவிட்டது. ஐரோப்பாவில் புது பையர் பிடிக்கலாம் என்று ஒரு டேட்டா கம்பெனியிடம் 45,000 ரூபாய் கொடுத்து 22,000 பேருடைய மெயில் ஐடி வாங்கினேன். ‘ஜிடிபிஆர் என்கிற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சரியானது, 95 சதவீதம் வெரிஃபைடு’ என்று எழுதியும் கொடுத்தார்கள். மொத்தமாக மெயில் அனுப்பும் ஒரு தளத்தில் ஏற்றி முதலில் 2,000 பேருக்கு அனுப்பினேன். 312 மெயில் திரும்பி வந்தது. இரண்டு மணி நேரத்தில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். மீதி 20,000 பேரை வேறு தளத்துக்கு மாற்றி, தினம் 500 ஆகப் பிரித்து அனுப்பலாமா? எந்தத் தளம் இதற்கு இடம் கொடுக்கும்? ஃபைலை எந்த ஃபார்மேட்டில் ஏற்ற வேண்டும்?

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். அப்பாவின் பழைய பையர்கள் இரண்டு மூன்று பேருக்கு வாட்ஸாப்பில் ஒரு வரி போடுங்கள்: “இந்த வாரம் எங்களிடமிருந்து வந்த மெயில் இன்பாக்ஸில் இருக்கிறதா, ஸ்பேமில் கிடக்கிறதா?” அந்தப் பதில்தான் இப்போது முக்கியம். 20,000 பேரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அந்த 2,000 மெயிலும் கம்பெனி டொமைன் பெயரில்தான், அதாவது மெயில் ஐடியில் @-க்குப் பின்னால் வரும் பெயரில்தான் போயிருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) காப்பி எல்லாம் எந்தப் பெயரில் போகிறதோ அதே பெயர். தளம் கணக்கை நிறுத்தியதோடு விஷயம் முடிந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பெறுகிற பக்கத்தில் இருக்கும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் உங்கள் டொமைனைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு வந்திருக்கும். முன்பெல்லாம் அனுப்பும் சர்வரின் ஐபி முகவரியை வைத்தே பெரும்பாலும் மதிப்பிட்டார்கள். சர்வரை மாற்றினால் பழி தீர்ந்துவிடும். இப்போது ஒழுங்காக அமைத்த ஒவ்வொரு மெயிலிலும் டிகேஐஎம் என்கிற டிஜிட்டல் கையொப்பம் உங்கள் டொமைன் பெயரிலேயே போகிறது. வீடு மாறினாலும் ஆதார் எண் கூடவே வருகிற மாதிரி, தளம் மாறினாலும் கெட்ட பெயர் கூடவே வரும்.

என்னிடம் வந்த ஒரு பனியன் ஏற்றுமதியாளர் கதை இது. உங்களைப் போலவே லிஸ்ட் வாங்கி, மூன்று தளம் மாறி மாறி அனுப்பியிருக்கிறார். எவரும் ஆர்டர் தரவில்லை, சரி, அது போகட்டும். ஆறு வருடமாக இருந்த ஒரு ஐரோப்பிய பையர் சாம்பிளுக்குச் சில திருத்தங்கள் கேட்டு எழுதியிருந்தார். மெர்ச்சண்டைசர் அன்றைக்கே பதில் போட்டார். அது அங்கே ஸ்பேமில் விழுந்தது. நினைவூட்டலும் ஸ்பேமில். ஒன்பது நாள் கழித்து வேறு ஏதோ விஷயமாகப் போன் பேசும்போதுதான் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தது. அதற்குள் அந்த ஸ்டைலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். லிஸ்டின் விலை 20,000 ரூபாய். கைவிட்டுப் போனது ஒரு கண்டெய்னர். அந்த டொமைனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை பையர்களுக்கான முக்கியமான ஒவ்வொரு மெயிலுக்கும் பின்னால் ஒரு போன் கால் போட வேண்டியிருந்தது.

எந்தத் தளம் இடம் கொடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மெயில்சிம்ப், பிரெவோ, ஜோஹோ கேம்பைன்ஸ் மூன்றுமே தங்கள் விதிமுறையில் வாங்கிய லிஸ்டை வெளிப்படையாகத் தடை செய்திருக்கின்றன. ‘ஜோஹோ நம்ம ஊர் கம்பெனி, கொஞ்சம் அனுசரித்துப் போவார்கள்’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. மாட்டார்கள். லிஸ்டை ஏற்றும்போது ‘இவர்கள் எனக்கு அனுமதி கொடுத்தவர்கள்’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள், நினைவிருக்கிறதா? அதை எல்லோரும் படிக்காமல் டிக் அடிக்கிறோம். ஆனால் உங்கள் கணக்கை நிறுத்த அவர்களுக்கு அந்த ஒரு டிக் போதும்.

அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சின்னக் கணக்குகளுக்குத் தனி சர்வர் கிடையாது. ஒரே ஐபி முகவரிகளை ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அமராவதிக் கரைக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்கிய பிறகு அது எந்தப் பட்டறையுடையது என்று யார் பிரிக்க முடியும்? அதனால் இறங்குவதற்கு முன்பே மடையை அடைக்கிறார்கள்.

அளவும் சொல்லிவிடுகிறேன். அமேசானின் எஸ்இஎஸ் என்ற மெயில் சேவை திரும்பி வரும் மெயிலை 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 10 சதவீதம் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. உங்களுடையது 15.6. இதில் ‘தினம் 500’ யோசனை எப்படி உதவும்? 500-க்கு 78 திரும்பி வரும், அவ்வளவுதான். சதவீதம் அப்படியேதான் இருக்கும். ஒரே நாளில் முடிய வேண்டிய அவமானத்தை நாற்பது நாளுக்கு நீட்டுவீர்கள். புது டொமைனைப் பழக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பச் சொல்வார்கள், நீங்கள் அதைத்தான் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நல்ல லிஸ்டுக்கான வைத்தியம்.

திரும்பி வந்த 312-ஐ விட எனக்குப் பயம் தருவது திரும்பி வராதவைதான். பெற்றவர் ‘ஸ்பேம்’ பட்டனை அழுத்தினால் அது புகார். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குப் புது விதி கொண்டுவந்தன. அதில் கூகுள் போட்ட எல்லை, புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதாவது 1,000 பேரில் மூன்று பேர் எரிச்சலானால் போதும். முன்பின் தெரியாத 1,000 பேருக்கு டவல் விற்க எழுதினால் மூன்று பேருக்குக்கூடவா எரிச்சல் வராது? அதிலும் யார் அழுத்தினார்கள் என்று ஜிமெயில் தனித்தனியாகச் சொல்லாது. உங்களுக்குத் தெரிவதெல்லாம் பதில் வராத மௌனம்தான்.

அடுத்தது, ஸ்பேம் பிடிக்க வைத்திருக்கும் பொறி முகவரிகள். லிஸ்ட் விற்கிறவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள். ஸ்பேம்ஹவுஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு லண்டனில் ஆரம்பித்தது. ஸ்பேம் அனுப்பும் ஐபி, டொமைன்களின் பட்டியலைப் பராமரிக்கிறார்கள். உலகம் முழுக்க உள்ள மெயில் சர்வர்கள் அதைப் பார்த்துத்தான் பல மெயில்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. இப்படிப்பட்ட அமைப்புகள் எந்த மனிதரும் பயன்படுத்தாத முகவரிகளை இணையத்தில் அங்கங்கே போட்டு வைக்கும். அந்த முகவரி யாருக்கும் எதற்கும் அனுமதி கொடுத்திருக்காது. அதற்கு ஒரு மெயில் வந்தால், அனுப்பியவர் இணையத்தைச் சுரண்டிச் சேர்த்த லிஸ்டை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வேறு விளக்கத்துக்கு இடமே இல்லை. இன்னொரு வகை, வேலையை விட்டுப் போனவர்களின் பழைய முகவரி. கொஞ்ச காலம் மெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பொறியாக மாற்றிவிடுவார்கள். ஐந்து வருடப் பழைய லிஸ்டை புதுசு என்று விற்கும்போது இவையும் கூடவே வரும்.

‘வெரிஃபைடு’ என்ற சொல்லை இங்கேதான் பார்க்க வேண்டும். வெரிஃபை செய்யும் மென்பொருள் என்ன செய்கிறது? முகவரியின் எழுத்தமைப்பு சரியா, அந்த டொமைனுக்கு மெயில் சர்வர் இருக்கிறதா, அந்தப் பெட்டி மெயிலை ஏற்கிறதா என்று பார்க்கிறது. கதவைத் தட்டினால் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதைப் போல. உள்ளே இருப்பவர் உங்களை எதிர்பார்க்கிறாரா என்று அதற்கு எப்படித் தெரியும்? பொறி முகவரியும் மெயிலை நன்றாகவே ஏற்கும், அதுதான் அதன் வேலை. போதாததற்கு, பல கம்பெனி சர்வர்கள் எந்தப் பெயருக்கு வந்தாலும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தூக்கிப் போடும். அங்கே வெரிஃபை என்பது ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பதுதான்.

ஒருவேளை ‘இத்தனை பேர் திறந்தார்கள், இத்தனை பேர் லிங்க்கை அழுத்தினார்கள்’ என்று அந்தத் தளத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, யாரும் திறக்காத மெயில்கூடத் திறந்ததாகக் கணக்கில் வரும். பல ஐரோப்பியக் கம்பெனிகளின் பாதுகாப்பு மென்பொருள்கள் மெயிலில் இருக்கும் எல்லா லிங்க்கையும் தாங்களே அழுத்திச் சோதிக்கும். மெயில் போன மூன்றாவது வினாடியில் ஐந்து லிங்க்கும் அழுத்தப்பட்டிருந்தால், அது உங்கள் டவலை விரும்பிய பர்ச்சேஸ் மேனேஜர் கிடையாது.

சரி, சட்டம். நான் வக்கீல் இல்லை; இந்த வேலையில் தினம் தொட வேண்டியிருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ‘ஜிடிபிஆர்படி சரியான லிஸ்ட்’ என்று விற்பவர் எழுதித் தருவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த 22,000 பேர் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள்? உங்கள் அப்பாவின் கம்பெனிப் பெயர் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. கேள்விப்படாத ஒருவருக்கு எப்படி அனுமதி கொடுக்க முடியும்? 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டப்படி, ஒருவருடைய விவரத்தை வேறு எங்கிருந்தோ வாங்கினால், அது எங்கிருந்து கிடைத்தது என்பதை அவருக்கு நீங்களே சொல்ல வேண்டும். அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள், மெயில் அனுப்புவதாக இருந்தால் அந்த முதல் மெயிலிலேயே. நீங்கள் அனுப்பிய 2,000-த்தில் அந்த வரி இருந்ததா?

நாட்டுக்கு நாடு வேறுபாடும் பெரிது. உங்கள் தொழிலுக்கு முக்கியமான ஜெர்மனிதான் இதில் மிகக் கடுமை. அங்கே நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தின் 7-ஆம் பிரிவு, முன்கூட்டியே தெளிவான சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது என்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அனுப்பினாலும் அதே விதி. போட்டியாளர்கூட வக்கீல் நோட்டீஸ் விட்டு, வக்கீல் செலவையும் உங்கள் தலையில் கட்டலாம். பிரிட்டனில் கொஞ்சம் தளர்வு: லிமிடெட் கம்பெனிகளுக்கு முன் சம்மதம் தேவையில்லை, ஆனால் தனி ஆள் நடத்தும் கடை என்றால் அவர் தனிநபராகவே கருதப்படுவார். பிரான்ஸிலும் அவரவர் தொழிலுக்குச் சம்பந்தப்பட்ட மெயில் என்றால், வேண்டாம் என்று சொல்ல வழிவிட்டு அனுப்பலாம். கனடா 2014 ஜூலை முதல் சம்மதம் கேட்கிறது, கம்பெனிகளுக்கு அபராதம் ஒரு கோடி கனடிய டாலர் வரை போகும். அமெரிக்காவின் 2003-ஆம் வருடச் சட்டம் முன் அனுமதி கேட்காது. பொய்த் தலைப்பு கூடாது, தபால் முகவரி இருக்க வேண்டும், ‘வேண்டாம்’ என்றவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்க வேண்டும், இவைதான் அதில் முக்கியம். உங்கள் லிஸ்டில் இந்த எல்லா நாடும் ஒரே எக்செல் ஷீட்டில் கலந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் தருவார்கள்.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிகள் போன் காலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான், மெயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2023-ஆம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்திருக்கின்றன, அதன் முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து அமலுக்கு வரும். லிஸ்ட் வியாபாரம் பண்ணுகிறவர்கள் அப்போது என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கும் ஆவல்தான்.

அப்படியானால் 45,000 ரூபாய் தண்டமா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஷீட்டை டெலிபோன் டைரக்டரி மாதிரி பயன்படுத்துங்கள். ஆளின் பெயர், மெயில் இரண்டு காலத்தையும் (நெடுவரிசை) தயங்காமல் அழித்துவிடுங்கள். கம்பெனிப் பெயர், நாடு, வெப்சைட் மூன்றும் போதும். பிறகு நாடு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வெப்சைட்டாகத் திறந்து பாருங்கள். டைல்ஸ் விற்பவன், ஓட்டல் நடத்துபவன், மூடிப் போன கம்பெனி எல்லாம் கழியும். 22,000-த்தில் வீட்டு உபயோகத் துணி இறக்குமதி செய்து, உங்கள் அளவுக்கு ஒத்துவருகிற கம்பெனி எத்தனை தேறும்? இருநூறு தேறினால் சந்தோஷப்படுங்கள். இது சலிப்பான வேலைதான், ஒரு ஆள் மூன்று வாரம் உட்கார வேண்டும். செக்கிங் டேபிளில் துணியைப் புரட்டிப் பார்க்கிற பொறுமை உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கும், அவரை உட்கார வையுங்கள்.

தேறியவர்களில் பிரிட்டன், பிரான்ஸ் கம்பெனிகளுக்கு நீங்களே கையால், ஒவ்வொருவருக்காக எழுதுங்கள். எந்தத் தளமும் வேண்டாம், உங்கள் சாதாரண ஆபீஸ் மெயில் போதும். ஒரு நாளைக்கு ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். “டியர் சார், வீ ஆர் லீடிங் எக்ஸ்போர்ட்டர்” என்று ஆரம்பிக்கும் மெயில் அந்த நாட்டு பையருக்கு தினமும் பத்து வரும். அவருடைய கடையில் இருக்கும் ஒரு பொருளில் இருந்து ஆரம்பியுங்கள்: உங்கள் வெப்சைட்டில் இருக்கும் வாஃபிள் நெசவு கிச்சன் டவலைப் பார்த்தேன், அதே நெசவை இந்த ஜிஎஸ்எம்மில் (துணியின் எடை அளவு) நாங்கள் செய்கிறோம், குறைந்தபட்ச அளவு இவ்வளவு, சாம்பிள் இத்தனை நாளில் தரலாம், ஓகோடெக்ஸ் சான்றிதழ் (துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்பதற்கு) இருக்கிறது. இருந்தால் மட்டும் சொல்லுங்கள், ஏனென்றால் நம்பரை வைத்து அவர் சரிபார்த்துக்கொள்வார். அவருடைய கம்பெனியை எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி. ‘தேவையில்லை என்றால் ஒரு வார்த்தை பதில் போடுங்கள், மறுபடி எழுத மாட்டேன்’ என்று இன்னொரு வரி. ஐந்து எம்பி கேட்டலாக்கை இணைக்காதீர்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஜெர்மனிக்கு மட்டும் மெயிலே வேண்டாம். தபாலில் அனுப்புங்கள். அங்கே தபாலில் வரும் விளம்பரக் கடிதத்துக்கு மெயிலுக்கு உள்ளது போல முன் சம்மதம் கேட்கும் விதி இல்லை, வேண்டாம் என்று சொன்னவருக்கு மட்டும் அனுப்பக் கூடாது. ஒரு கவரில் ஒரு கிச்சன் டவல், ஒரு பக்கக் கடிதம். நாற்பது கம்பெனிக்கு அனுப்ப ஆகும் கூரியர் செலவு உங்கள் லிஸ்ட் விலையைத் தாண்டும், தெரியும். ஆனால் துணி விற்கிறவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்தவன் குப்பையில் போட யோசிப்பான், குறைந்தபட்சம் பாத்திரமாவது துடைப்பான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, ஃபைலை எப்படி ஏற்றுவது. தளத்தில் ஏற்ற வேண்டிய லிஸ்ட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பதினாறு வருடம் ஏற்றுமதி செய்கிறவர் வீட்டில் பழைய பையர், பையிங் ஹவுஸ் ஆட்கள், ஏஜெண்டுகள், சாம்பிள் வாங்கிவிட்டு விலை ஒத்துவராமல் போனவர்கள் என்று முன்னூறு பேராவது இருப்பார்கள். அப்பாவின் மேஜை டிராயரில் விசிட்டிங் கார்டு டப்பா ஒன்று நிச்சயம் இருக்கும், அதையும் எடுங்கள்.

ஆனால் கார்டையும் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஃப்ராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஒருவர் கார்டு கொடுத்தார் என்றால், அந்த டிசைனைப் பற்றிப் பேசக் கொடுத்திருக்கிறார். மாதாமாதம் மெயில் அனுப்பச் சொல்லிக் கொடுக்கவில்லை. கார்டு வாங்கிய வருடத்தையும் பாருங்கள். 2021, 2022 ஜனவரிகளில் கொரோனாவால் கண்காட்சியே நடக்கவில்லை. அதற்கு முந்தைய கார்டு என்றால் அந்த ஆள் இன்னும் அதே கம்பெனியில் இருக்கிறாரா என்பதே சந்தேகம். கார்டுக்காரர்களுக்கு முதலில் தனியாக ஒரு மெயில் எழுதி, ‘புது டிசைன் வரும்போது அனுப்பலாமா?’ என்று கேளுங்கள். சரி என்றவர்களை மட்டும் சேருங்கள். அவர்கள் சரி சொன்ன மெயிலைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், என்றைக்காவது யாராவது கேட்டால் அதுதான் உங்கள் ரசீது.

எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு ஆள். மெயில், முதல் பெயர், கம்பெனி, நாடு, எப்படித் தெரியும், எந்தத் தேதியில் சம்மதம் என்று ஆறு காலம். கடைசி இரண்டும்தான் வாங்கிய லிஸ்டில் எப்போதும் இருக்காது, கவனித்தீர்களா? சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி வேண்டாம், ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் முல்லர் என்ற ஜெர்மன் பெயரில் ‘யு’ தலையில் இருக்கும் இரண்டு புள்ளி ஏதோ ஹைரோகிளிஃப் மாதிரி மாறி, “டியர்” என்பதற்குப் பக்கத்திலேயே போய் உட்காரும். போன் நம்பர், பின்கோடு காலம் இருந்தால் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். எக்செல் முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும், நீளமான நம்பரைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிவிடும். இன்ஃபோ, சேல்ஸ் என்று ஆரம்பிக்கும் பொது முகவரிகளை எடுத்துவிடுங்கள். அதை யார் படிக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, யாருடைய சம்மதம் என்றும் சொல்ல முடியாது.

ஏற்றுவதற்கு முன் டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும்; மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள் இவை. டொமைன் வாங்கிக் கொடுத்தவரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. ஒரு எச்சரிக்கை: எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதுத் தளம் கொடுத்த வரியை இரண்டாவது பதிவாகச் சேர்த்துவிடுவார்கள், அப்போது இரண்டுமே செல்லாது, ஆபீஸ் மெயிலும் சேர்ந்து படுக்கும். நான் பார்க்கும் கேஸ்களில் இந்தத் தப்பு அடிக்கடி வருகிறது. மார்க்கெட்டிங் மெயிலுக்கு மட்டும் தனி சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த பெயர்) வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக் கவசம் ஆகாது, ஆனாலும் இன்வாய்ஸ் போகும் வழியிலிருந்து கொஞ்சமாவது தள்ளி நிற்கும்.

இதையெல்லாம் இந்த வாரமே செய்யாதீர்கள். ஒரு மாதம் அந்த டொமைனில் வழக்கமான மெயில் மட்டும் போகட்டும். ஜிமெயிலில் உங்கள் மெயிலுக்கு எவ்வளவு ஸ்பேம் புகார் என்று காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம்தான், டொமைனைச் சேர்த்து வையுங்கள். உங்கள் அளவுக்கு அதில் தகவல் குறைவாகவே வரும் என்றாலும் இருக்கட்டும். ஸ்பேம்ஹவுஸ் தளத்தில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் காரணத்தை ஒளிக்காமல் எழுதி நீக்கச் சொல்லிக் கேட்கலாம், அவர்கள் அதற்குக் காசு வாங்குவதில்லை. காசு கொடுத்தால் நீக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் அது வேறு கூட்டம்.

அந்த 2,000 பேரில் ‘வேண்டாம்’ என்று பதில் போட்டவர்கள், அன்சப்ஸ்கிரைப் அழுத்தியவர்கள், திரும்பி வந்த 312 முகவரிகள், இவற்றை நிறுத்தப்பட்ட கணக்கிலிருந்து டவுன்லோட் செய்ய முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அந்தத் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள், அனுப்புவதைத் தடுத்தாலும் தகவலைப் பல தளங்கள் தரும். புதுத் தளத்தில் முதன்முதலாக ஏற்ற வேண்டிய ஃபைல் அதுதான். ‘இவர்களுக்கு அனுப்பாதே’ பட்டியலில் ஏற்றி வைத்துவிட்டால், நாளைக்கு ஆபீஸில் யாராவது பழைய ஷீட்டைத் தெரியாமல் ஏற்றினாலும் அந்தப் பெயர்களுக்குப் போகாது.

அந்த 312 பெயர் ரிப்போர்ட் இன்னொன்றுக்கும் உதவும். 95 சதவீதம் வெரிஃபைடு என்றால் 2,000-த்துக்கு நூறு திரும்பலாம். உங்களுக்கு மூன்று மடங்குக்கு மேல் திரும்பியிருக்கிறது, அவர்கள் எழுதிக் கொடுத்ததும் கையில் இருக்கிறது. ரிப்போர்ட்டை இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அநேகமாகப் பணம் தர மாட்டார்கள். ‘அதற்குப் பதிலாக இன்னும் 10,000 ஐடி இலவசமாகத் தருகிறோம் சார்’ என்பார்கள். வாங்கிவிடாதீர்கள்.